ஒரு குறையும் இல்லை

எங்கள் தாராவிச் சந்துகளில் அவருக்குக் கேள்வி டீச்சர் என்று பெயர். அவர் டீச்சர் இல்லை. மாதுங்காவில் பிறந்து வளர்ந்து, உளவியலில் பெரிய படிப்புப் படித்து, ஆராய்ச்சி வேலை பார்த்தவர். ஆனால் புடவைத் தலைப்பை ஒழுங்காகப் பின் குத்தி, தோளில் பை மாட்டி, தாளைப் பார்த்துக் கேள்வி கேட்கிற பெண் யாராக இருந்தாலும் எங்கள் ஆட்களுக்கு டீச்சர்தான். அவருடைய சொந்தப் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. ஏன் என்பது போகப்போகத் தெரியும்.

அவரிடம் ஒரு குணம் இருந்தது. ஒருமுறை கேட்டுக் கிடைத்த பதிலை அவர் பதிலாகவே எடுத்துக்கொள்ள மாட்டார். மாதுங்கா மார்க்கெட்டில் முருங்கைக்காய் இளசா என்று கேட்பார். இளசுதான் என்பான் கடைக்காரன். ஒரு சுற்றுப் போய் வந்து, ஏதோ இப்போதுதான் முதல்முறை பார்ப்பவர் மாதிரி அதே கேள்வியை மறுபடி கேட்பார். குர்லாவில் ரயில் ஏறினால் பலகையில் பன்வேல் என்று எரிந்துகொண்டிருக்கும்போதே பெட்டியில் இருக்கிற இரண்டு பேரிடம் இது பன்வேல் வண்டியா என்பார். கூடப் போகிற எனக்கு மானம் போகும். "ஒருதரம் கேட்டாச்சுன்னா கேட்டதா அர்த்தமில்லைடி" என்பார். இப்போது இதை நல்ல குணம் என்று எழுதுகிறேன். அப்போது என் உயிரை வாங்கிய குணம் அது.

அந்தக் குணம் அவருக்கு எப்போது முற்றியது என்று எனக்குத் தெரியும். அதற்கு நானும் ஒரு காரணம். நான் தாராவியில் ஒரு சின்ன டிரஸ்ட் நடத்திய கிளினிக்கில் வீடு வீடாகப் போகிற வேலையில் இருந்தேன். அப்பா அம்மா திருநெல்வேலிப் பக்கம். நான் பிறந்தது தொண்ணூறு அடி ரோட்டுக்குப் பின்னால். பெண்கள், குழந்தைகளின் மனநிலை பற்றி ஓர் ஆராய்ச்சி எங்கள் சந்துகளுக்கு வந்தபோது, கதவைத் தட்டினால் திறக்கிற அளவுக்குத் தெரிந்த முகம் ஒன்று வேண்டும் என்று என்னை அவரோடு சேர்த்துவிட்டார்கள். எங்கள் இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. வேலை தொடங்குவதற்கு முன்னால் பேசிக்கொள்ளலாம் என்று அவர் வீட்டுக்குக் கூப்பிட்டார். போனேன். காபி சாப்பிடறியா என்றார். வேண்டாம் என்றேன். சரி என்று சொல்லிவிட்டுத் தாள்களை எடுத்து முன்னால் வைத்தார்.

நான் திகைத்துப்போனேன். எங்கள் பக்கத்தில் முதல்முறை கேட்டதும் சரி என்றால் அலைகிற ஆள் என்று அர்த்தம். முதலில் வேண்டாம் என்போம், இரண்டாவது தடவையும் இப்பத்தான் குடித்தேன் என்போம், மூன்றாவது தடவை டம்ளர் தானாகவே கைக்கு வந்துவிடும். அன்றைக்கு மத்தியானம் முழுவதும் அந்த வீட்டு ஃபில்டர் காபி வாசனையில் உட்கார்ந்து தொண்டை காய்ந்து திரும்பினேன். பிறகு பழகியபின் ஒருநாள் இதைச் சொல்லிக் காட்டினேன். அவர் சிரிக்கவில்லை. ஒரு பெரிய தப்புச் செய்துவிட்ட மாதிரி என்னைப் பார்த்தார். "அப்போ நீ வேண்டாம்னு சொன்னது எனக்குப் பதில் இல்லை. நான் இன்னும் கேக்கணும்னு அர்த்தம்" என்றார். அன்றிலிருந்து அவர் வீட்டில் காபிக்குப் பஞ்சமில்லை. வேண்டவே வேண்டாம் என்று உண்மையாகச் சொன்ன நாளிலும் கிடைத்தது.

ஆராய்ச்சிக்குத் தலைவர் ஒருவர் இருந்தார். எல்லாருக்கும் அவர் சார். செம்பூரில் ஆபீஸ். கெட்டவர் இல்லை, அவசரக்காரர். குழந்தைகளுக்காகச் சில படங்கள் கொடுத்திருந்தார்கள். அதில் ஒன்றில் பெரிய அறையில் ஒரு பையன் தனியாக உட்கார்ந்திருப்பான். இவன் மனசில் என்ன இருக்கிறது என்று கேட்கவேண்டும். தனிமை, பயம், துக்கம் என்று சொன்னால் குழந்தைக்கு அடுத்தவர் மனசு புரிகிறது என்று கணக்கு. எங்கள் சந்துப் பிள்ளைகள் வரிசையாக ஒரே பதிலைச் சொன்னார்கள். பையன் ரொம்ப சந்தோஷமாக இருக்கிறானாம், அவனுக்குத் தனி ரூம் கிடைத்திருக்கிறதாம். ஒரு சின்னப் பெண் கூடுதலாக, அவன் தம்பி ஸ்கூலுக்குப் போயிருப்பான் என்றாள்.

பத்துக்குப் பத்து அறையில் ஏழு பேர் படுக்கிற வீட்டுப் பிள்ளைகள் வேறு என்ன சொல்லும். சொல்லப்பட்ட விதிப்படி அத்தனையும் தப்பு. கேள்வி டீச்சர் பேனாவை மூடிப் பைக்குள் போட்டுவிட்டார். இந்தப் பிள்ளைகளுக்கு மனசு புரியவில்லையா, இந்தப் படத்தை வரைந்தவனுக்கு இந்த வீடு புரியவில்லையா என்று ஆபீஸில் போய்க் கேட்டார். சார் அந்தப் படத்தை மட்டும் எடுத்துவிடச் சம்மதித்தார்.

அவருக்கு உண்மையான அடி விழுந்தது பெரியவர்களுக்கான கேள்வித்தாளில்தான். அது எங்கேயோ வெளிநாட்டில் தயாரானது. தமிழில் கொண்டுவந்தது கேள்வி டீச்சரேதான். ஒவ்வொரு வார்த்தைக்கும் மெனக்கெட்டிருந்தார். இந்த நாட்களில் மனசு சந்தோஷமாக இருக்கிறதா, காலையில் எழும்போது உற்சாகம் இருக்கிறதா, வாழ்க்கை திருப்தியாகப் போகிறதா. அழகான தமிழ். நான்தான் வீட்டுக்குள் கூட்டிக்கொண்டு போவேன், அவர் கேட்பார். பதில் எல்லா வீட்டிலும் ஒன்றுதான். ஏதோ இருக்கோம். என்னத்தச் சொல்ல. என்ன பெரிய சந்தோஷம், ஏதோ ஓடுது. மழைக்காலம் முடிவதற்குள் எங்கள் சந்துகளின் பெண்கள் அத்தனை பேரும் கடுமையான மனச்சோர்வில் இருப்பதாகக் கணக்கு வந்துவிட்டது. சார் கவலைப்பட்டார். கவலையோடு கொஞ்சம் உற்சாகமும் இருந்தது. பெரிய அறிக்கையாக வரும் அல்லவா.

அப்போதுதான் வத்தல் சம்பவம் நடந்தது. ஒரு வீட்டில் மூத்த மகனுக்கு விமான நிலையத்தில் வேலை கிடைத்திருந்தது. போனதும் லட்டு கொடுத்தார்கள். அந்த அம்மாவுக்கு முகத்தில் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஆனால் கேள்விக்கு மட்டும், சந்தோஷமா, அதெல்லாம் நமக்கு எங்க, ஏதோ நாளு போவுது என்று பதில். கேள்வி டீச்சர் கையில் லட்டை வைத்துக்கொண்டு குறித்தார். கணக்குப்படி அந்த அம்மா ஆஸ்பத்திரியில் இருக்கவேண்டியவர். வெளியே வந்து நாலு வீடு தாண்டியதும் குடையை விட்டுவிட்டது ஞாபகம் வந்து திரும்பிப் போனோம்.

வீட்டுக்குள்ளிருந்து வத்தல் நெடி. இரண்டு பேருக்கும் இருமல் பிடித்துக்கொண்டது. அந்த அம்மா மகனை உட்காரவைத்து உப்பும் மிளகாய் வத்தலும் சுற்றி, அடுப்பில் காய்ந்த கரண்டியில் போட்டிருந்தார். சுவரில் சிலுவை, அதற்குக் கீழே இந்தச் சடங்கு. எங்களைப் பார்த்ததும் அவருக்கு முகம் வெளிறிவிட்டது. கேள்வி டீச்சருக்கு ஒன்றும் புரியவில்லை. யார் கண்ணு பட்டுதுன்னு சுத்தறேள் என்று இருமிக்கொண்டே கேட்டார். நான் தரையைப் பார்த்தேன். அந்த அம்மா சமாளிக்கப் பார்த்து, முடியாமல், உண்மையைச் சொல்லிவிட்டார்.

"தப்பா நெனைக்காதீய டீச்சர். நல்லா இருக்கோம்னு வாயால சொன்னாலே ஆகாது. நீங்க எழுதி வேற வைக்கீய. ஆனா நெடி வந்துட்டு பாத்தீயளா, ஒங்க கண்ணு இல்ல."

கண் பட்டிருந்தால் வத்தல் நெடி வராது என்பது எங்கள் கணக்கு. அந்த விதத்தில் கேள்வி டீச்சர் அன்றைக்குக் குற்றமற்றவர் ஆனார். வெளியே வந்தபின் நான் விளக்கினேன். இருக்கிற சந்தோஷத்தை வெளியாளிடம், அதுவும் எழுதுகிறவரிடம், எங்கள் பெண்கள் சொல்லமாட்டார்கள். என் அம்மா ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர், அவரும் நாங்கள் வந்துபோன அன்று வத்தல் சுற்றியிருப்பார். இதையெல்லாம் ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்று கேட்டார். இதைப் போய்ச் சொல்லவேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. எல்லாரும் இப்படித்தான் என்று நான் நினைத்திருந்தேன். மாதுங்காவில் ஆபீஸ் போகிற குடும்பத்தில் பிறந்தவர் எப்படி இருக்கேள் என்றால் நன்னா இருக்கேன் என்று பட்டென்று சொல்வதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குத்தான் உள்ளுக்குள் பதறும்.

சயான் ஸ்டேஷன் வரை அவர் எனக்கு முன்னால் வேகமாக நடந்தார். படியில் ஏறும்போது நின்று, "அத்தனை வீட்டுக்கும் மறுபடி போகணும்" என்றார்.

செம்பூர் ஆபீஸில் பெரிய வாக்குவாதம் நடந்தது. சார் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. வேண்டிய பதில் வரும் வரைக்கும் கேட்டுக்கொண்டே இருந்தால் அது அறிவியல் ஆகாது என்றார் அவர். வேண்டிய பதிலுக்காகப் போகவில்லை, எனக்குக் கேட்கவே தெரியவில்லை என்பதால் போகிறேன் என்றார் இவர். இந்தக் கேள்விகள் பல தேசங்களில் கேட்டுப் பார்த்தவை என்றார் சார். அந்தத் தேசங்களில் வத்தல் சுற்றுகிறார்களா என்று கேட்டார் இவர். நேரம் இல்லை, பணம் இல்லை என்று சார் முடித்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் சொந்தச் செலவில் போகிறேன் என்று சொல்லிவிட்டு இவர் கிளம்பி வந்துவிட்டார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. என் ஞாயிற்றுக்கிழமைகளும் போயின.

இந்தமுறை பையிலிருந்து தாளை எடுக்கவில்லை. எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்கவில்லை. போய் உட்கார்ந்ததும் தண்ணீர் எத்தனை மணிக்கு வருகிறது என்று கேட்பார். அவ்வளவுதான். தண்ணீரில் தொடங்கி, அடுத்த வீட்டுக்காரி பைப்பைப் பிடித்துக்கொண்டு விடாதது, மருமகள் போனைக் கீழே வைக்காதது, தக்காளி விலை, முட்டுவலி என்று ஒரு மணி நேரம் கொட்டுவார்கள். அவர் கன்னத்தில் கை வைத்துக் கேட்பார். எனக்குத் தலை வலிக்கும். இதில் என்ன தெரிகிறது என்று ஒருநாள் சலித்துக்கொண்டேன். "குறை சொல்லணும்னா தெம்பு வேணும்டி. நாளைக்காவது இது சரியாகும்னு உள்ளே ஒரு எண்ணம் இருக்கிறவாதான் குறை சொல்லுவா" என்றார். அப்படி வீடு வீடாகக் குறை கேட்டுக்கொண்டே போனதில், சோர்ந்துபோனவர்கள் என்று நாங்கள் குறித்த பெண்களில் முக்கால்வாசிப் பேர் எங்கள் இரண்டு பேரையும் விடத் தெம்பாக இருந்தார்கள்.

ஒரு ஞாயிறு வேலை முடிந்து திரும்பும்போது சந்து முனையில் நின்றுவிட்டார். அந்த இட்லிக்காரம்மா மட்டும் எப்படி நன்றாக இருந்தார் என்று கேட்டார்.

இட்லிக்காரம்மாவை எல்லாருக்கும் தெரியும். விடியுமுன் அவித்து வைத்தால் ஆட்கள் எடுத்துக்கொண்டு போய் மாதுங்கா, வடாலா என்று விற்று வருவார்கள். புருஷன் முன்னமே போய்விட்டார். இருந்த ஒரே மகன் முந்தின வருஷம் ஓடுகிற ரயிலிலிருந்து விழுந்து செத்துப்போனான். அதற்குப் பிறகு அந்த அம்மா ரயில் ஏறுவதில்லை. ஆனால் கேள்வித்தாளோடு போனபோது, நல்லா இருக்கேன், ஒரு குறையும் இல்ல என்று சொன்ன ஒரே ஆள் அவர்தான். கணக்கில் அவர் ஒருவர்தான் முழு ஆரோக்கியம். சார்கூட, ஒருத்தராவது நன்றாக இருக்கிறாரே என்று சொன்னார். எங்கள் சந்திலும் அந்த அம்மாவை, மகன் போனபின் எவ்வளவு பொறுமை, வாயைத் திறந்து ஒரு சொல் கிடையாது, இருக்கிற சாமானைக்கூட இல்லாதவர்களுக்குக் கொடுக்கிறார் என்று புகழ்ந்துகொண்டிருந்தார்கள். நானும் அதையே சொன்னேன்.

"மறுபடி போலாம்" என்றார் கேள்வி டீச்சர். வீட்டுக்குப் போகவேண்டும், இருட்டப்போகிறது என்றேன். அவர் ஏற்கெனவே நடக்கத் தொடங்கியிருந்தார்.

வீடு துடைத்து வைத்தாற்போல் இருந்தது. இட்லிக் கொப்பரையைக் காணோம். கிரைண்டர் இருந்த இடத்தில் தரையில் வட்டமாக ஒரு தடம் மட்டும். கேட்டால், கிரைண்டர் அடுத்த வீட்டுக்கு, கொப்பரை இன்னொருத்திக்கு, நல்ல சேலைகளெல்லாம் கல்யாணப் பெண்களுக்கு என்று பதில் வந்தது. அந்த அம்மாவின் குரலில் கோபம் இல்லை, வருத்தம் இல்லை, ஒன்றுமே இல்லை. எப்படி இருக்கேள் என்று கேள்வி டீச்சர் கேட்டார். ஒரு குறையும் இல்ல டீச்சர் என்றார். இதை எழுதிக்கலாமா என்று கேட்டார்.

"எழுதிக்கிடுங்க. கண்ணு படுததுக்கு எங்கிட்ட என்ன இருக்கு."

இவ்வளவு நாளும் பொறுமை என்று நாங்கள் புகழ்ந்தது இதைத்தானா. கேள்வி டீச்சர் நகர்ந்து அந்த அம்மாவின் பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்தார். காபி வேண்டுமா என்று கேட்கிற குரலில் நேராகக் கேட்டார்.

"செத்துப் போயிடலாம்னு தோணறதா?"

நான் அவர் முழங்காலைப் பிடித்து அழுத்தினேன். எங்கள் பக்கத்தில் இதை யாரும் வாயால் கேட்கமாட்டார்கள். கேட்டால் இல்லாத எண்ணமும் வந்துவிடும் என்று பயம். அவர் என் கையை எடுத்துவிட்டார். அந்த அம்மா வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "இத எங்கிட்ட ஒருத்தருமே கேக்கல டீச்சர்" என்று சொல்லி அழத் தொடங்கினார். மகனைப் புதைத்த அன்றுகூட அழாத மனுஷி என்று சந்தே சொல்லும். அன்றைக்கு அழுதார்.

அன்று நாங்கள் அவரைத் தனியாக விடவில்லை. என் அம்மா பாயைச் சுருட்டிக்கொண்டு வந்து அங்கேயே படுத்தார். மறுநாள் ஆட்டோ பிடித்து சயானில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனோம். டாக்டர் நிதானமாகப் பேசினார், மாத்திரை கொடுத்தார். அந்த அம்மா காதில் விழாதபடி, அந்த எண்ணத்தைக் கேட்டுக் கிளப்பிவிட்டீர்களே என்று நான் கேள்வி டீச்சரிடம் சண்டை போட்டேன். கேட்டதனால் எண்ணம் வராது, தனியாக வைத்துக்கொண்டிருந்ததை இறக்கிவைக்க இடம் கிடைக்கும் என்றார். மாத்திரையோடு விட்டுவிடுகிற ஆளா அவர். தினமும் சாயங்காலம் மாதுங்காவிலிருந்து வந்து உட்கார்ந்தார். மழையில் வந்தார், காய்ச்சலோடு வந்தார். அந்த அம்மா சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார், இவர் அவரைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

பிறகு ஒருநாள் புதிதாக ஒன்றைத் தொடங்கினார். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு விருந்தாளிகள் வருகிறார்களாம், நிறைய இட்லி வேண்டுமாம், கடை இட்லி ஆகாதாம். கிரைண்டர் இல்லை என்றார் அந்த அம்மா. வாங்கிக்கொண்டு வாருங்கள் என்றார் இவர். கொடுத்ததை எப்படிக் கேட்பது என்றார் அவர். அடுத்த நாள் மறுபடி கேட்டார். அதற்கடுத்த நாளும் கேட்டார். கடைசியில் அந்த அம்மா எழுந்து, இந்த டீச்சர் தொந்தரவு பெருந்தொந்தரவாப் போச்சே என்று முணுமுணுத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனார்.

அடுத்த வீட்டுக்காரி, கொடுத்த பொருளைத் திருப்பிக் கேட்கலாமா என்றாள். இரண்டு வார்த்தை நாலாயிற்று. எட்டிப் பார்த்த இட்லிக்காரம்மாவின் கண்ணில் கிரைண்டர் பட்டது. கழுவாமல், விளிம்பில் மாவு காய்ந்து கிடந்தது. அவ்வளவுதான். "ஏட்டி, பத்து வருசமா பொன்னு மாதிரி வச்சிருந்தேன், இப்படிப் போட்டிருக்கியே, நீயெல்லாம் மாவாட்டுத பொம்பளையா" என்று அந்த அம்மா போட்ட சத்தத்தில் சந்து முழுவதும் வெளியே வந்துவிட்டது. விலக்கிவிடலாம் என்று நான் ஓடினேன். கேள்வி டீச்சர் என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினார்.

"விடு. எவ்வளவு நன்னா சண்டை போடறா பாரு."

அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. எனக்குக் கேள்வி டீச்சரை அன்றைக்குத்தான் உண்மையாகவே பிடித்துப்போனது. அந்த ஞாயிற்றுக்கிழமை மாதுங்கா வீட்டுக்கு விருந்தாளி ஒருவரும் வரவில்லை. நானும் அவரும் அவர் கணவரும் மூன்று வேளையும் இட்லி சாப்பிட்டோம். அவர் கணவர் நல்ல மனிதர், காரணம் கேட்கவில்லை.

அறிக்கை வந்தது. பழைய கணக்குத்தான் பெரிய எழுத்தில் இருந்தது. வத்தலும் மறுபடி கேட்டதும் பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் ஒரு குறிப்பாகப் போயிருந்தன. தன் பெயரை எடுத்துவிடச் சொல்லிவிட்டார் கேள்வி டீச்சர். எடுத்துவிட்டார்கள். அதன்பின் சார் அவரை எதற்கும் கூப்பிடவில்லை. ஒரு கல்லூரியில் பாடம் எடுத்துக்கொண்டு காலத்தை ஓட்டினார். அதிலும், முதல் வகுப்பில் பிள்ளைகளை ஆளுக்கொரு வீட்டுக்கு அனுப்பி, போய் நலம் விசாரித்துவிட்டு வரச் சொல்வாராம். அடுத்த வாரம் அதே வீட்டுக்கு மறுபடி அனுப்புவாராம். பிள்ளைகள் திட்டியிருக்கும், எனக்குத் தெரியும்.

வேலை ஓய்ந்தபின் அவரும் கணவரும் வாஷியில் ஒரு ஃப்ளாட்டுக்குப் போனார்கள். ஞாயிறுதோறும் நான் போன் செய்வேன். எடுத்ததும் தொடங்கிவிடுவார். லிஃப்ட் பாதி நாள் ஓடுவதில்லை, பால்கனியெல்லாம் புறா அசிங்கம், இந்த ஊரில் ஒழுங்கான காபிப்பொடி கிடைக்காது, வாட்ச்மேன் தூங்குகிறான். எங்கள் சந்துப் பெண்கள் தோற்றார்கள். நான் சிரித்துக்கொண்டே கேட்டு வைப்பேன். போன வருஷம் கணவர் இறந்துபோனார். மகள் கனடாவிலிருந்து வந்து இருந்துவிட்டுப் போனாள். அதன்பின் போனில் பேச்சு குறைந்தது. புறா நின்றது, வாட்ச்மேன் நின்றான். ஒரு ஞாயிறு மத்தியானம் நான் கேட்டபோது, "நன்னா இருக்கேன்டி. ஒரு குறையும் இல்லை" என்றார்.

பரவாயில்லை, தேறிவிட்டார் என்றுதான் நினைத்தேன். சாயங்காலம் மாவு வாங்கப் போன இடத்தில் இட்லிக்காரம்மாவிடம் அப்படியே சொல்லவும் செய்தேன். கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. அந்த அம்மா சுவிட்சை அணைத்தார்.

"என்ன சொன்னாக? மறுபடி சொல்லு."

சொன்னேன். சொல்லும்போதே அது யாருடைய வார்த்தை என்று எனக்கு உறைத்தது. அவர் கையைக் கழுவினார். அரைபடுகிற மாவைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்த மாவுக்காரியை நான் பார்த்ததே இல்லை. காலையில் அவித்த இட்லியை ஒரு தூக்குச்சட்டியில் போட்டுக்கொண்டு, கெளம்பு என்றார். ஆட்டோ பிடிக்கிறேன் என்றேன். வாஷிப் பாலத்துல ஆட்டோ நின்னுட்டா என்ன செய்ய, ரயில்தான் வெரசாப் போவும் என்றார். சயானில் ஏறினோம், குர்லாவில் மாறினோம். பெண்கள் பெட்டியின் நடுக்கம்பியை இரண்டு கையாலும் பிடித்து, மான்குர்டு தாண்டும் வரைக்கும் கண்ணைத் திறக்கவில்லை அந்த அம்மா. மகன் போனபின் அவர் ரயிலில் காலை வைத்தது அன்றைக்குத்தான்.

கதவைத் திறந்த கேள்வி டீச்சர் எங்களைப் பார்த்து, போனில்தான் சொன்னேனே, எதற்கு அலைந்தீர்கள் என்றார். கழுவாத முகம். இட்லிக்காரம்மா வாசலிலேயே நின்று, "மறுபடி ஒருதரம் கேட்டுட்டுப் போலாம்னு வந்தோம் டீச்சர்" என்றார். கேள்வி டீச்சர் கதவைப் பிடித்துக்கொண்டே வழிவிட்டார். உள்ளே வீடு துடைத்து வைத்தாற்போல் இருந்தது. கணவரின் புத்தகங்கள் கயிறு கட்டி ஓரமாக அடுக்கியிருந்தன. காபி ஃபில்டரைப் பேப்பரில் சுற்றி, யாருக்கோ கொடுப்பதற்காக, மேஜைமேல் வைத்திருந்தார்.

நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் அன்றைக்குக் கேட்ட அந்தக் கேள்வியை அவரிடமே கேட்டேன். என் குரல் அவ்வளவு நிதானமாக இல்லை. ஆமாம் என்று அவர் தலையை மட்டும் அசைத்தார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார். ரொம்ப நேரம் விடவில்லை. நாளைக்கு டாக்டரிடம் போகிறோம் என்றேன். சரி என்றார். நான் மறுபடி கேட்டேன். சரி என்று மறுபடி சொன்னார். இன்றிரவு இங்கேதான் படுக்கப்போகிறேன் என்றேன். அதற்கும் மறுப்பில்லை. மறுக்காததுதான் எனக்குப் பயமாக இருந்தது.

இட்லிக்காரம்மா எங்கள் இரண்டு பேரையும் கவனிக்காதவர் மாதிரி சமையலறைக்குள் போய்விட்டார். ஃபில்டரின் பேப்பரைப் பிரித்துப் போட்டார். இட்லியைச் சூடு பண்ண ஏதோ ஒரு பாத்திரத்தை எடுத்து அடுப்பில் வைத்துத் தண்ணீர் ஊற்றினார். சத்தம் கேட்டதும் கேள்வி டீச்சரின் தலை நிமிர்ந்தது.

"அது பால் பாத்திரம். அதுல தண்ணி வைக்கப்படாது" என்றார். பதிலுக்கு உள்ளே இன்னொரு பாத்திரம் இடம் மாறுகிற சத்தம் கேட்டது. கேள்வி டீச்சர் என் கையை விட்டுவிட்டு எழுந்து சமையலறை வாசலுக்குப் போனார். "அதை அங்கே வைக்காதேங்கோ. இந்தாத்துல ஒரு சாமான் வச்ச இடத்துல இருக்கிறதில்லை. யாராவது வந்து எல்லாத்தையும் கலைச்சு வச்சுட்டுப் போயிடறா. லிஃப்ட் வேற ஓடலை, எப்படி ஏறி வந்தேள் ரெண்டு பேரும்" என்று குரல் ஏறியது.

எனக்கு அழுகை வந்துவிட்டது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே பார்த்துச் சொன்னேன்.

"அக்கா, இன்னும் ரெண்டு பாத்திரத்த எடம் மாத்தி வைங்க."